மயிர் என்றே எழுதுகிறேன்

மயிர் என்றே எழுதுகிறேன். முடி என்றோ உரோமம் என்றோ எழுதினால் சங்கடம் குறையும். ஆனால் இந்தக் கட்டுரையே அந்தச் சங்கடத்தைப் பற்றியதுதான். மானம் அதிகாரத்தில் இரண்டு குறள்களில் (964, 969) வள்ளுவர் கூச்சமில்லாமல் எழுதிய சொல் இது. இன்று தெருச்சண்டையில்தான் அதிகம் கேட்கிறோம். 'சிரை' என்ற வினைச்சொல்லுக்கும் அதே கதிதான். அந்தத் தொழிலைச் செய்தவர்களைச் சாதியால் கீழே வைத்த சமூகம், தொழிலின் பெயரையும் வசையாக்கிக்கொண்டது. அந்தச் சமூகத்துப் பெண்கள்தான் மருத்துவச்சிகளாக நம் பாட்டிமார் பலருக்குப் பிரசவம் பார்த்தார்கள் என்பது வசை பேசும் வாய்களுக்கு நினைவிருப்பதில்லை. ஆக, உடலில் முளைப்பதும் வசை, அதை மழிப்பதும் வசை. இரண்டுக்கும் நடுவே பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு பெண்பிள்ளை தனியாக நிற்கிறாள்.

ஆண்பிள்ளையின் முதல் சவரம் ஒரு சிறு சடங்கு. பெண்பிள்ளையின் முதல் சவரம் தடயம் மறைக்கும் வேலை. இந்த வேறுபாட்டுக்கு இயற்கை என்றும் பண்பாடு என்றும் காரணம் சொல்கிறார்கள். இரண்டும் பொய்.

1995. பத்தாம் வகுப்பு. திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். பேருந்துப் படியில் ஏறும்போது பாவாடை சற்று உயர்ந்தது. பின்னால் நின்ற பையன் 'கரடி' என்றான். பேருந்து சிரித்தது. அதுவரை என் கால் எனக்கு நடப்பதற்கான கால்தான். வீட்டில் சொன்னபோது அம்மா, "பயத்தமாவு தேய்ச்சுக் குளி" என்றாள். அத்தை, "ஏட்டி, சின்னதுலேயே ஒழுங்கா மஞ்ச தேச்சிருந்தா இப்படி இருக்குமா?" என்றாள். மயிர் முளைத்தது என் சோம்பலுக்குக் கிடைத்த தண்டனை என்றாகிவிட்டது.

ஜியாமெட்ரி பெட்டியில் பென்சில் சீவுவதற்காக, காகிதத்தில் சுற்றிய பாதி பிளேடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட குளியலறை. விளக்கு கிடையாது. ஓடு விலகிய இடத்தில் வரும் வெளிச்சம்தான். முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும், தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், மயிர் சாய்ந்த திசையிலேயே பிளேடைக் கொண்டுபோக வேண்டும், முட்டியிலும் கணுக்காலிலும் எலும்பு மேடேறும் இடத்தில் கையைத் தளர்த்த வேண்டும். இதில் ஒன்றையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கைப்பிடி இல்லாத அந்தத் துண்டை விரல்நுனியில் பிடித்து இழுத்தேன். காலும் அறுந்தது, விரலும் அறுந்தது. துணி சோப்பின் நுரை சிவந்து ஓடியது. "உடைமுள் கீறிடுச்சு" என்றேன். அம்மா நம்பியிருக்க மாட்டாள். ஆனால் கேட்கவில்லை. அவளையும் அவள் அம்மா கேட்டதில்லை.

மூன்று வருடம் கழித்து என் தம்பிக்கு அரும்பியது. அப்பா கடைவீதியிலிருந்து ரேசர் செட், பிரஷ், கிரீம் எல்லாம் வாங்கி வந்தார். திண்ணையில் கண்ணாடி மாட்டினார். தம்பியின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கன்னத்தை உப்பிக்கொள்ளச் சொன்னார், படிகாரக் கட்டியைத் தடவினார். அத்தை, "மாப்பிள்ளை ஆயிட்டான்" என்று கேலி பேசினாள். எதிர்வீட்டுத் தாத்தா வந்து பார்த்துவிட்டுப் போனார். தம்பிக்கும் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தது. அன்று வீடு முழுக்க அந்த வெட்டைப் பற்றித்தான் பேச்சு. ஒரே வீடு, ஒரே வகைப் பிளேடு. அவனுக்குத் திண்ணை, எனக்குத் தகரக் கதவு.

யாரும் சொல்லித் தராத இடத்தில் பயமுறுத்தல்கள் மட்டும் தாராளமாகக் கிடைத்தன. 'மழித்தால் முள்ளாகத் தடித்து வளரும்' என்பது அவற்றில் ஒன்று. இது உண்மையல்ல என்று மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1928லேயே சோதித்துக் காட்டிவிட்டார். வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் சொரசொரக்கிறது, அவ்வளவுதான். 'பெண்ணுக்கு மயிர் இருப்பது ஆண்தன்மை' என்பது இன்னொன்று. ஆண், பெண் இருவர் உடலிலும் மயிர்க்கால்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. பருவத்தில் ஊறும் சுரப்பிகள்தான் சில இடங்களில் பூனைமயிரைக் கருமயிராக்குகின்றன. திடீரென்று மிகையாக வளர்ந்தாலோ மாதவிலக்கு தவறினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது உடல்நலம் சார்ந்தது, வெட்கத்துக்கு அதில் வேலை இல்லை. வெட்கத்தால் மூடி வைப்பதால்தான் பல பெண்பிள்ளைகள் மருத்துவரிடம் தாமதமாகப் போகிறார்கள்.

இனி பண்பாடு. தமிழ்ப் பெண்ணின் மேனி என்றால் மஞ்சள் பூசிய, மயிரற்ற, வழுவழுப்பான மேனி என்று மேடைதோறும் பேசுகிறவர்கள் பத்துப்பாட்டைப் பிரித்துப் பார்க்கட்டும். முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் பாடினியின் தலைமுதல் அடிவரை வருணனை இருக்கிறது. அதில் அவள் கணைக்காலின் அழகே அதில் ஒழுங்காகப் படர்ந்திருக்கும் மயிர்தான். ஆம், பிளேடை வைத்து நான் வழித்தெடுத்த அதே இடம். அடுத்து அவள் பாதம் வருகிறது. ஓடிக் களைத்த நாயின் நாக்கோடு புலவர் அதை ஒப்பிடுகிறார். அவள் யாழும் பசியுமாகக் காட்டுவழியில் நடந்து வந்தவள், உழைத்துத் தின்பவள். அவள் காலில் மயிர் இருக்கிறது, புலவருக்கு அது அழகாக இருக்கிறது.

கம்பனிடமும் போகலாம். நாடவிட்ட படலத்தில், சீதையை அடையாளம் காண அனுமனிடம் இராமன் அங்கம் அங்கமாகச் சொல்கிறான். வயிற்றில் ஓடும் மெல்லிய மயிர்வரிசைக்கும் அங்கே ஒரு பாட்டு உண்டு. காப்பிய மரபில் அது பெண்ணழகின் இலக்கணங்களில் ஒன்று.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வருணித்தவை ஆண் கண்கள்தான், உடலைத் துண்டு துண்டாகப் பார்த்தவைதான். நான் சொல்வது ஒன்றே. மயிரற்ற கால் நம் மரபு என்று என்னிடம் யாரும் கதைக்க வேண்டாம். முதுகலை வகுப்பில் எங்கள் பேராசிரியர் அந்த வருணனையை நடத்தியபோது தொடைக்கு உவமை சொன்னார், பாதத்துக்கு உவமை சொன்னார். இடையில் இருந்த கணைக்காலைத் தாண்டிப் போய்விட்டார். தொடையைச் சொல்ல வராத கூச்சம் மயிரைச் சொல்ல வந்துவிட்டது.

பின் எங்கிருந்து வந்தது இது? 1915ல் ஜில்லெட் நிறுவனம் அமெரிக்காவில் பெண்களுக்கென்று முதல் ரேசரை விற்பனைக்கு விட்டது. கையில்லாத சட்டை வந்தபோது அக்குள் பிரச்சினையானது. பாவாடை விளிம்பு உயர்ந்தபோது கால் பிரச்சினையானது. இரண்டாம் உலகப்போரில் நைலான் காலுறைக்குத் தட்டுப்பாடு வந்து வெறுங்கால் வெளியே தெரிந்தபோது பிரச்சினை முற்றியது. இதற்கிடையே 1920களில் அழகுநிலையங்களில் எக்ஸ்-ரே பாய்ச்சி மயிரை உதிர்த்தார்கள். புண்ணும் தழும்பும் புற்றுநோயும் பரிசாகக் கிடைத்தன. 1930களின் தொடக்கத்தில் எலி மருந்தில் சேர்க்கும் தாலியத்தைக் களிம்பாக்கி விற்றார்கள். பூசிய பெண்களுக்குக் கைகால் முடங்கியது, பார்வை போனது. தொண்ணூறுகளில் கேபிள் டிவி வழியே இந்தச் சந்தை நம் கூடத்துக்கு வந்தபோது, நம் வீடுகளில் மஞ்சளும் பயத்தமாவும் வெட்கத்தை ஏற்கெனவே பிசைந்து வைத்திருந்தன. விற்பவனுக்கு வேலை சுலபம். இன்று சிறு நகரங்களிலும் லேசர் கிளினிக் பலகைகளைப் பார்க்கிறேன்.

சவரக்கத்தி பெண்ணிடம் வந்த பழைய வழி ஒன்றும் நமக்குத் தெரியும். புறநானூற்றின் 250ஆம் பாட்டிலேயே கணவனை இழந்தவளின் கூந்தல் களையப்பட்டிருக்கிறது. பிராமணக் கைம்பெண்களின் தலையை மழித்து மூலையில் உட்காரவைத்தது சென்ற நூற்றாண்டு வரை நடந்தது. 'மொட்டச்சி' என்பது இன்றும் வசை. தலைமயிரை எடுத்து அவளை விரும்பத்தகாதவள் ஆக்கினார்கள். கால்மயிரை எடுத்தால்தான் விரும்பத்தக்கவள் என்கிறார்கள். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை இரண்டு இடத்திலும் அவள் முடிவு செய்யவில்லை.

பிரசவ அறையிலும் அப்படித்தான். 2007ல் என் முதல் பிரசவத்துக்குப் போன மருத்துவமனையில், வலி எடுத்துக் கிடக்கும்போது ஓர் ஆயா பிளேடோடு வந்தார். எதற்கு என்று கேட்டேன். "எல்லாருக்கும் செய்யறதுதாம்மா" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அது. ஆனால் இப்படி மழிப்பதால் தொற்று குறைவதில்லை என்று 1922லேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டுதல், இதை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்றே சொல்கிறது. தையல் ஆறிய பிறகும் மயிர் முளைக்கும் அரிப்பு எனக்கு ஆறவில்லை.

என் மாணவிகள் சிலர் கேட்பார்கள். "மேடம், ஷேவ் பண்றது அவங்கவங்க சாய்ஸ்தானே?" ஆம். மழிக்கிற பெண்ணைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் தேர்வு என்றால் இரண்டு பக்கமும் ஒரே விலை இருக்க வேண்டும். மழித்தால் ஒன்றுமில்லை, மழிக்காவிட்டால் கரடி என்றால் அதற்குப் பெயர் தேர்வு அல்ல. சித்திரை வெயிலில் முழுக்கை போட்டு வருகிற பெண், கபடி அணியில் பெயர் கொடுத்துவிட்டு அரைக்கால் சட்டைச் சீருடை என்றதும் பெயரை எடுத்துக்கொள்கிற பெண், பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மேலுதட்டில் நூல் போட்டு வீங்கிய முகத்தோடு வகுப்புக்கு வருகிற பெண். இவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்?

எனவே தோழிகளே, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு பெண்பிள்ளை கேட்டால், மயிர் இருப்பது இயல்பு என்று முதலில் சொல்லுங்கள். அதன் பிறகும் அவள் மழிக்க விரும்பினால், கைப்பிடி உள்ள ரேசரையும் நல்ல வெளிச்சத்தையும் கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லித் தாருங்கள். பிரசவ அறையில் பிளேடோடு யாராவது வந்தால் எதற்கு என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். உடன் போகிற அம்மாவும் மாமியாரும் அவளுக்காகக் கேளுங்கள். பள்ளி, கல்லூரி விளையாட்டு ஆசிரியைகள், விரும்புகிறவர்கள் முழுக்கால் சட்டையில் விளையாட விடுங்கள், அரைக்கால் சட்டையில் வருகிறவளைக் கேலி செய்கிறவனை வெளியே அனுப்புங்கள். தமிழாசிரியைகளே, பொருநராற்றுப்படை நடத்தும்போது பாடினியின் கணைக்காலைத் தாண்டிப் போகாதீர்கள். அந்தச் சொல்லை உரக்க வாசியுங்கள். கடைசி பெஞ்சில் துப்பட்டாவைக் கைவரை இழுத்து மூடி உட்கார்ந்திருப்பவளுக்கும் கேட்கட்டும்.