சாம்பல் கலந்தால் கலப்படமா?

வீடு கட்டப் புகுந்தவருக்கு மேஸ்திரி, மாமனார், சென்ற வருஷம் அடுத்த தெருவில் வீடு கட்டி முடித்த நண்பர் ஆகிய மூவரும் மற்ற எல்லாவற்றிலும் மாறுபட்ட யோசனை சொன்னாலும், ஒரு விஷயத்தில் மட்டும் ஏகமனதாக இருப்பார்கள்: அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சிமெண்ட் மட்டம், தளத்துக்கு 53 கிரேடுதான் போட வேண்டும். எரிந்து தீர்ந்த பொருளில் சத்து ஏது என்ற கேள்வி பார்வைக்கு நியாயமாகவே படுகிறது. ஆயினும் இந்த அபிப்பிராயம் பிழையானது. பிழை என்பதோடு, தன்மேல் விழுந்த விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் அரிய குணத்தைக் கான்கிரீட் வளர்த்துக்கொள்ள விடாமல் தடுப்பதும் இதுவே என்பது என் கட்சி.

சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது முக்கியமாக இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று, மணலையும் ஜல்லியையும் இறுகப் பிணைக்கும் பசை. மற்றொன்று, வலுவுக்கு அதிகம் உதவாமல், நீர் கசியும் வழியெல்லாம் கரைந்து வந்து கூரையின் அடிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் சுண்ணாம்பு. உலையின் கடும் வெப்பத்தில் உருகி, புகையோடு பறந்து, குளிர்ந்து, நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாக உறைந்துபோன சாம்பலில் உள்ள சிலிகாவும் அலுமினாவும், ஈரம் இருக்கும் வரையில் அந்தச் சுண்ணாம்போடு மெல்ல மெல்லக் கூடி, அதையும் பிணைக்கும் பசையாகவே மாற்றிவிடுகின்றன. இது நேற்று வந்த புதுமையன்று. ரோமாபுரியார் பொஸ்ஸுவோலி ஊர்ப்பக்கத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கடலிலேயே துறைமுகம் கட்டினார்கள். நம் நாட்டிலும் 1895-இல் முடிந்த பெரியாறு அணை, சுண்ணாம்போடு சுட்ட களிமண் தூளாகிய சுர்க்கியைக் கலந்த காரையால் எழுந்ததே.

இந்தச் சேர்க்கை தாமதமாக நடப்பதைத்தான் ஜனங்கள் தோஷம் என்கிறார்கள். நானோ அதையே விசேஷம் என்பேன். மாதக்கணக்கில் நடக்கும் வேலையாகையால், இறுகிய கான்கிரீட்டின் உள்ளே இன்னும் வினைபுரியாத துகள்கள் பல தங்கி நிற்கின்றன. மயிரிழை போன்ற விரிசல் ஒன்று விழுந்து, மழைநீர் அதனுள் இறங்குமானால், கரைந்து வரும் சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணக்கல்லாகப் படிய, காத்திருந்த துகள்களும் விழித்துக்கொண்டு புதுப் பசையை உண்டாக்க, அந்த இடைவெளி சிறுகச் சிறுக அடைபடுகிறது. சாதாரணச் சிமெண்டுக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டென்றாலும், அது தன் கையிருப்பைச் சீக்கிரமே செலவழித்துவிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் விக்டர் லீ ஆக்கிய, வளைந்து கொடுக்கும் கான்கிரீட்டின் பிரசித்தமான கலவையொன்றில் சிமெண்டைவிடச் சாம்பலின் எடையே அதிகம். அதில் சேர்த்த நுண்ணிய இழைகள் விரிசலை மிகக் குறுகியதாகவே வைத்திருப்பதனால், நனைந்தும் உலர்ந்தும் சில தடவை கழிந்த பின் அது மூடிக்கொள்கிறது.

அப்படியானால் 53 என்பது என்ன? 28-ஆம் நாளில் சிமெண்ட் கட்டியை நசுக்கிப் பார்த்து வழங்கும் மதிப்பெண். சாம்பல் சிமெண்டிடம் அதே நாளில் தரநிர்ணயம் கேட்பது 33 மட்டுமே என்று எதிர்க்கட்சியார் சுட்டிக்காட்டலாம், மெய்தான். ஆனால் 28-ஆம் நாளோடு வீட்டின் ஆயுள் முடிந்துவிடுவதில்லை. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச வலுவும் 20 தான். உண்மையில் 53-ஐ விரும்புகிறவர் வீட்டுக்காரரைவிடக் காண்டிராக்டரே. சீக்கிரம் சென்ட்ரிங் பிரித்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோகலாமல்லவா? சாம்பல் கலந்த கான்கிரீட்டைப் பத்து நாளுக்குக் குறையாமல் ஈரமாக வைத்திருக்க வேண்டும், 14 நாள் வரை நீட்டிப்பது நலம் என்று இந்தியத் தரவிதியாகிய ஐ.எஸ். 456 சொல்கிறது. மூன்றாம் நாளே தளத்தின் பாத்தி காய்ந்து வெடிக்கும்படி விட்டுவிட்டு, பின்னர் விரிசல் கண்டதும் சாம்பலின்மேல் பழி போடுகிறோம்.

கலப்படம் என்ற குற்றச்சாட்டோ இன்னும் விசித்திரமானது. ஐ.எஸ். 1489 சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை அனுமதிக்கிறது. சேர்த்த அளவு மூட்டையின்மேலேயே அச்சாகி வருகிறது. தன் அளவைத் தானே அச்சடித்து அறிவிக்கும் மோசடியை நான் கேள்விப்பட்டதில்லை! அமெரிக்காவின் ஹங்க்ரி ஹார்ஸ் அணையிலும் நம் ரிஹந்த் அணையிலும் சாம்பலைச் சேர்த்த பொறியாளர்கள் பிழைக்கத் தெரியாதவர்களல்லர். பேரணைக்குப் போதுமானது மூன்று அறை வீட்டுக்குப் போதாதென்று நாம் ஒதுக்கும் அந்தச் சாம்பல் எங்கே போகிறதென்பதை அறிய விரும்புகிறவர், எண்ணூர்க் கழிமுகத்தையும் கொசஸ்தலை ஆற்றையும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

இவ்வளவு சொன்னதால் மறுகோடிக்குப் போய்விடக் கூடாது. தானே ஆறும் கான்கிரீட் என்ற பெயரைக் கேட்டதும், இனிப் பராமரிப்பே வேண்டாம் என்று பூரிப்பவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஆராய்ச்சியாளர் ஹெங்க் யோங்கர்ஸ் பாக்டீரியாக்களைக் கான்கிரீட்டினுள் உறங்க வைத்து மூடிய விரிசல்களும் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டவையே. வெறும் சாம்பல் மூடுவதோ அதில் பத்திலொரு பங்கு, மிஞ்சினால் பத்தில் இரண்டு பங்கு. அஸ்திவாரம் அமிழ்ந்து சுவரில் விரல் நுழையப் பிளந்ததையும், துரு ஏறிய கம்பி உப்பிப் பெயர்த்த காரையையும் அது ஆற்றாது. மேலும், ஆலையில் சோதித்து அரைத்துக் கலப்பது வேறு; குளத்தில் கொட்டிக் கிடந்த கரிபடிந்த சாம்பலை லாரியில் கொண்டுவந்து, வீட்டுக்காரர் அறியாமல் மண்வெட்டியால் வாரிச் சிமெண்டோடு போடுவது வேறு. அதைக் கலப்படம் என்று எத்தனை உரக்கச் சொன்னாலும் நான் ஆட்சேபிக்கப் போவதில்லை.