விடுமுறைக்கு முன் கற்றது என்ன?

காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டுவிட்டன. காந்தியார் பிறந்த நாளும் ஆயுத பூசையும் அடுத்தடுத்து வருகிற இந்த நாட்களில், பையை மூலையில் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தெருவில் இறங்கிவிட்டனர். ஆடட்டும், ஓடட்டும். அதைக் குறை கூற நாம் வரவில்லை. நாம் பேச விரும்புவது பெற்றவர்களோடு.

வேலை முடிந்து வீடு திரும்புகிற தோழர், தம் பிள்ளையை அழைத்து என்ன கேட்கிறார்? "பரீட்சை எப்படி எழுதினாய்?" என்கிறார். "நல்லா எழுதினேன் அப்பா" என்கிறது பிள்ளை. "மார்க்கு எவ்வளவு வரும்?" என்று இன்னொரு கேள்வி. அத்தோடு விசாரணை முடிந்தது! ஜூன் மாதம் தொடங்கி இதுவரை அந்தப் பிள்ளை கற்றது என்ன என்ற கேள்வியை வீட்டில் எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டாமா?

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டு முதல் ஆண்டுப் பாடத்தை மூன்று பருவங்களாகப் பிரித்தார்கள். பருவத்திற்கு ஒரு புத்தகம். முதுகுச் சுமை குறைந்தது. அந்த முதற் பருவத்தின் முடிவில் வருவதுதான் இந்த விடுமுறை. விதை விதைத்து முதற்களை எடுக்கிற நேரம் போன்றது இது. முளைத்தது எது, முளைக்காதது எது என்று வயலில் இறங்கிப் பார்க்காத உழவன் உண்டா? பிள்ளை விஷயத்தில் மட்டும் நாம் வரப்பிலேயே நின்றுவிடுகிறோம்.

தொடக்கப் பள்ளிப் பாடம் என்றால் சிறு பிள்ளைப் பாடம்தானே என்று எண்ணுவோர் பலர். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 எழுத்துகள். அவற்றை அடையாளம் காண வேண்டும். கூட்டிச் சொல்லாக்க வேண்டும். சொல்லைச் சேர்த்துத் தொடராக வாசிக்க வேண்டும். வாசித்ததன் பொருளைத் தன் வாயால் சொல்ல வேண்டும். கணக்கிலோ, ஒன்றாமிடம் பத்தாமிடம் அறிந்து, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிய வேண்டும். ஐந்து வயதில் தொடங்கி எட்டு வயதுக்குள் ஒரு குழந்தை செய்து முடிக்க வேண்டிய வேலை இது. நம்மில் எத்தனை பேர் இதைவிடப் பெரிய வேலையைச் செய்திருக்கிறோம்?

இந்த வேலை முடியாமற் போனால் என்ன ஆகும்? மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. அதற்குப் பிறகு வாசித்துத்தான் மற்றவற்றைக் கற்கிறது. மூன்றாம் வகுப்பில் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை, ஆறாம் வகுப்பில் அறிவியல் விளங்காத பிள்ளையாகிறது. ஒன்பதாம் வகுப்பில் 'படிப்பு ஏறாதவன்' என்ற பட்டம் பெறுகிறது. பிறகு நம் பக்கத்திலேயே வந்து நின்று மூட்டை தூக்குகிறது. படிப்பு ஏறவில்லையா, ஏற்றப்படவில்லையா? வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளை தடுமாறினால் தனி ஆசிரியர் வீடு தேடி வருவார். தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றே கதி.

'என் மகன் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டானே' என்று மகிழும் தோழரும் உண்டு. வகுப்பின் எண்ணை வைத்துக் கல்வியை அளக்காதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் தேக்கி வைக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் விதித்தது. 2019இல் நடுவணரசு அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேக்கலாம் என்று வழி திறந்துவிட்டது. தேக்குவதை நாம் என்றும் ஏற்கமாட்டோம். 'பெயில்' என்ற ஒற்றைச் சொல்லால் பள்ளியை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் தேக்காமல் ஏற்றிவிடுவது மட்டும் கல்வியாகிவிடாது. ஏற்றிவிட்ட பிள்ளை வாசிக்கிறதா என்று பார்ப்பது, ஏற்றிவிட்டவர் கடமை. பெற்றவர் கடமையும் கூட.

பள்ளி பூட்டிக் கிடந்தால் எழுத்து எப்படி மறையும் என்பதை நாடே கண்டது. கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள், தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தன. பத்தொன்பது மாதங்கள்! இந்தியக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்துப் பார்த்தது 'அசர்' ஆய்வு. 2018இல் அதை வாசித்தவர்கள் நூற்றுக்கு 27.3 பேர். 2022இல் அது 20.5 ஆக இறங்கியது. 2024இல் 27.1 ஆக மீண்டும் ஏறியது. மீண்டது என்று மகிழலாம். ஆனால் மீண்ட பிறகும் நாலில் மூன்று பிள்ளைகள் வாசிக்கவில்லையே!

அந்த இழப்பை ஈடுகட்டவே 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் 2022 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த ஆண்டே நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. வகுப்பைப் பாராமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாட்டாலும் கதையாலும் பொம்மையாலும் கற்பிப்பது அதன் வழி. உங்கள் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்று ஆசிரியரிடம் கேட்டதுண்டா? மார்க்கைவிட உண்மை பேசும் விடை அது.

வீட்டிலேயே சோதிக்க வழி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தோழராலும் முடியும். இதை ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டுக் கொண்டிருக்கும் தேநீர்க் கடை வழக்கம் இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை; கேட்பவருக்கும் சேர்த்தே சொல்கிறோம். பேருந்தின் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள். ரேஷன் கடைப் பலகையைக் காட்டுங்கள். இந்த ஏட்டையே கையில் கொடுங்கள். பிள்ளை தடையின்றி வாசிக்கிறதா, எழுத்தெழுத்தாய்த் திணறுகிறதா, மனப்பாடத்தை ஒப்பிக்கிறதா என்பது காதுக்குத் தெரிந்துவிடும். "ஒரு டீ பன்னிரண்டு ரூபாய், நாலு டீ என்ன? ஐம்பது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?" என்று கேளுங்கள். கணக்கு வருமா வராதா என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. திணறினால் அடிக்காதீர்கள். பள்ளியிலேயே அடிப்பதைத் தடுத்திருக்கிறது சட்டம். வீட்டில் மட்டும் தடி எதற்கு? தாத்தாக்களுக்கும் ஒரு வார்த்தை: 'லை' என்பதைத் தும்பிக்கை தூக்கி எழுதித்தான் நீங்கள் கற்றிருப்பீர்கள். 1978இல் அரசு ஆணையால் 13 எழுத்துகளின் வடிவம் மாறிற்று. பேரன் எழுதுவதே இன்று சரி. அவன் தலையில் குட்டாமல் அவனிடமே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். ஆசிரியன் ஆன பெருமையில் அவன் இன்னும் நன்றாய்க் கற்பான்.

விடுமுறையின் மற்றொரு முகத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பள்ளி பூட்டினால் அடுப்பும் அணைகிறது. 1956இல் காமராசர் காலத்தில் பரவிய மதிய உணவு, 1982இல் சத்துணவாய் வளர்ந்தது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, அடுத்த ஆண்டு 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. பசியாறிய பிள்ளைதான் பாடம் கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் பள்ளிச் சோறு பள்ளி நாளுக்குத்தான். விடுமுறை நாளில் அந்தப் பிள்ளை எங்கே போகும்? கொரோனா மூடலின்போது அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுக்க முடிந்ததே. நீண்ட விடுமுறைகளுக்கு அப்படி ஒரு வழி ஏன் கூடாது என்று கேட்கிறோம்.

பசி வந்தால் வேலையும் கூடவே வரும். பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறிற்று. நல்லது. ஆனால் அதே சட்டம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பிறகும் விடுமுறை நாட்களிலும் பிள்ளை உதவலாம் என்று ஒரு சந்து வைத்தது. விடுமுறை என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது, தோழர்களே! யார் வீட்டு விடுமுறையை எண்ணி அதை எழுதினார்கள்? இட்லிக் கடையில் ஒரு கை உதவி, பெட்டிக் கடையில் ஒரு மணி நேரம் என்றுதான் தொடங்கும். பள்ளி திறந்த பிறகும் அந்தக் கை விடுபடாமற் போன கதைகள் நம் தெருக்களில் எத்தனையோ!

ஆசிரியர்கள் மீது பழி போட்டுத் தப்புவோரோடும் நாம் சேரமாட்டோம். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. வகுப்பு ஐந்து, ஆசிரியர் இருவர்! ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விட்டால், மிஞ்சியவர் ஐந்து வகுப்புகளையும் மேய்க்க வேண்டும். அவர் கற்பிப்பாரா, காவல் காப்பாரா? வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது சலுகையன்று, குறைந்தபட்சத் தேவை.

இதைக் கேட்பதற்கு இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கூட்டத்திற்குப் போகாமல் கையெழுத்தை மட்டும் வீட்டுக்கு வரவழைத்துப் போடுகிறோமே, அது யார் குற்றம்? தொழிற்சங்கக் கூட்டத்திற்குத் தவறாமல் போகும் தோழர், பள்ளிக் கூட்டத்திற்கும் போக வேண்டும். மனைவியையும் அனுப்ப வேண்டும். "என் பிள்ளை வாசிக்கவில்லை; என்ன செய்யப் போகிறீர்கள்? நான் என்ன செய்ய வேண்டும்?" என்று எழுந்து நின்று கேட்க வேண்டும்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. நம் படிப்பகங்கள் காலையில் பூட்டியே கிடக்கின்றன. இந்த விடுமுறை நாட்களில் அவற்றைத் திறந்து வையுங்கள். தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் வாசிக்கட்டும். மீதி நேரம் ஆடட்டும். ஒரு பானைக் கஞ்சி காய்ச்சுங்கள். படித்த தோழர் ஒருவர் உட்கார்ந்து, வாசிக்கத் திணறும் பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்து, பள்ளி திறக்கும் நாளில் ஆசிரியரிடம் சேர்க்கட்டும். இதற்குப் பணமும் அதிகம் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

சட்டப்படி தொடக்கப் பள்ளிக்கு ஆண்டில் 200 வேலை நாட்கள். மீதி 165 நாட்கள் பிள்ளை நம்மிடம் இருக்கிறது. ஆசிரியரை 200 நாளுக்குக் கணக்குக் கேட்போம். அந்த 165 நாளுக்கு நாமும் கணக்குச் சொல்வோம். இன்று மாலை வீடு திரும்பியதும் மார்க்கைக் கேட்காதீர்கள். ஒரு பக்கத்தைக் கொடுத்து, "வாசி, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.