உத்தியோகத்தோடு ஒரு கூரையும்

1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தினால் கர்ணம், முன்சீப் முதலிய பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டபோது நியாயமே ஜெயித்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அவற்றோடு ஒரு சௌகரியமும் சந்தடியின்றிப் போயிற்று. கர்ணம் உள்ளூர்க்காரர், சொந்த வீட்டுத் திண்ணையே அவருக்குக் கச்சேரியாக இருந்தபடியால், அவர் எங்கே குடியிருப்பார் என்று சர்க்கார் யோசிக்க வேண்டிய அவசியமே நேரவில்லை. இன்று பரீட்சை எழுதித் தேறி அயலூரிலிருந்து வந்து சேரும் கிராம நிர்வாக அலுவலர், பணியாற்றும் கிராமத்திலேயே வசிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிற விதி, வீடு எங்கே என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறது.

வீடு கட்டத் தெரியாத சர்க்கார் அல்ல நம்முடையது. 1956-இல் ஸ்தாபனமான நெய்வேலி நிறுவனத்துக்குத் தெருவும் பள்ளியும் மருத்துவமனையுமாக ஒரு நகரியமே நிர்மாணமாயிற்று. போலீஸாருக்கென்று 1981-இல் தனி வீட்டுவசதிக் கழகம் அமைந்தது. 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஐந்து புதிய மாவட்டங்கள் உதயமானபோதோ, பேச்சு முழுவதும் ஆட்சியர் அலுவலகத்தைப் பற்றியதாகவே இருந்தது. கள்ளக்குறிச்சியில் அது வீரசோழபுரம் கோயில் நிலத்தை முன்னிட்டு உயர் நீதிமன்றம் வரை சென்ற விவகாரம். குமாஸ்தாக்கள் எங்கே குடியிருப்பது என்பதற்காக வழக்காடியவர் எவரையும் காணோம்.

வாடகைப்படி கொடுக்கிறோமே என்பார்கள். கல்வராயன் மலைக் கிராமத்தில் படியைக் கையில் வைத்துக்கொண்டு, வாடகைக்கு விடப்படும் வீட்டை எங்கே தேடுவது? சிற்றூர்களிலோ, பல இலாகாக்களின் சிப்பந்திகள் ஏககாலத்தில் வந்து இறங்கினால் வாடகை ஏறி, உள்ளூர் ஏழைக் குடும்பமே அதன் பாரத்தைச் சுமக்க நேரிடும். ஆகவே குடியிருப்புகள் தேவைதான்; ஆனால் மாவட்டத் தலைநகரில் ஒரே வளாகமாக எழுப்பித் திறப்பு விழா நடத்துவது காண்டிராக்டருக்குச் சௌகரியமே தவிர, துணை சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. பிரசவ வேதனையும் பாம்புக்கடியும் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை.

இலாகாவுக்கு ஒன்றாகத் தனித்தனியே கட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, காவல் நிலையம் ஆகியவற்றை அனுசரித்து, எந்த இலாகாவினரும் குடியேறத்தக்க நாலைந்து வீடுகளைப் பொதுவில் அமைக்கலாம். குடியேறியவுடன் வாடகைப்படி நின்றுவிடுகிறபடியால், மழைக்கு ஒழுகும் வீட்டை யாரும் விரும்பி ஏற்கமாட்டார்கள். எனவே பராமரிப்புப் பணமும் ஆண்டுதோறும் அந்தந்த இடத்துக்கே ஒதுக்கப்பட வேண்டும். ஒரு பதவியை மஞ்சூர் செய்யும் அதே கோப்பிலேயே அப்பதவிக்குரிய வீட்டுக்கும் வழி சொல்லப்படுவது நலம். எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் கட்ட இயலாதென்றால் செவிலியர் வீட்டைத்தான் நான் முதலில் கேட்பேன். தாசில்தாருக்கு எப்படியும் ஒரு வீடு அகப்பட்டுவிடும்.