வரைபடத்தில் தோட்டம் எங்கே?



நம் சிவில் பிரிவில் வீட்டு பிளான் வரையாதவர் உண்டா? ஹால் வரைகிறோம், கிச்சன் வரைகிறோம், வண்டி நிறுத்த இடம் வரைகிறோம். விதிப்படி செட்-பேக் விடுகிறோம். அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று மட்டும் எழுதுவதில்லை. மேஸ்திரி வந்து சிமெண்ட் போட்டு மூடிவிடுகிறார். அத்தோடு அந்த வீட்டில் மண் என்பதே கிடையாது!

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். பெரிய விஷயம்தான் என்பது என் கட்சி.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் எந்த மாதத்தில் எந்த விதை என்பது அவருக்கு அத்துப்படி. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பார்களே, அதன்படி ஆடியில் அவரை, பீர்க்கு, புடலை, பூசணி ஊன்றிவிடுவார். "ஏம்மா, அவரையைச் சித்திரையிலயே போட்டா என்ன?" என்று கேட்டால், "போடேன், கொடிதான் ஓடும். காய் தையிலதான் வரும்" என்பார். பந்தல் அவரை பகல் பொழுது குறுகினால்தான் பூவெடுக்கும் என்கிறது விஞ்ஞானம். இரண்டும் ஒன்றுதானே!

வருடம் முழுவதும் எங்கள் வீட்டு அடுப்பும் அந்தக் கணக்கில்தான் எரிகிறது. தையில் அவரை, மொச்சை, பூசணி எல்லாம் போட்டுப் பொங்கல் குழம்பு. பங்குனி, சித்திரையில் முருங்கை காய்த்துத் தள்ளும். மாங்காயோடு சேர்த்து சாம்பார். அந்த வெயிலையும் வீணாக்காமல் கொத்தவரங்காயையும் கத்தரியையும் வற்றல் போட்டு வைப்பார். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம பக்கம் வருடத்து மழையில் பாதிக்கு மேல் கொட்டித் தீர்க்கும். கீரைப் பாத்தி அழுகிப் போகும். அப்போது அந்த வற்றல்தான் குழம்பாகும். கருவாடு கிடைத்தால் கத்தரிக்காயோடு சேரும். அதன் வாசனைக்கு நான் விளம்பரம் செய்யத் தேவையில்லை!

செலவு? பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும். அவரையில் அசுவினி ஏறினால் காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவுவார். அவ்வளவுதான்.

"கடையில எல்லாம் கிடைக்குதே, இது எதுக்கு?" என்பார்கள் சிலர். தோட்டம் வைத்தால் கடைக்கே போக வேண்டாம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். உருளையும் வெங்காயமும் கடையில்தான் வாங்குகிறோம். ஆனால் 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நாம் பட்ட பாடு மறந்துவிட்டதா? 1991-இல் சோவியத் யூனியன் உடைந்தபோது கியூபா நாட்டுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் உரமும் பெருமளவு குறைந்துபோயின. அந்த மக்கள் என்ன செய்தார்கள்? தலைநகர் ஹவானாவிலேயே காலி மனைகளில் பாத்தி கட்டிக் காய்கறி விளைவித்தார்கள். இடம் மிச்சம் இருந்ததால்தானே அது முடிந்தது!

இங்கே நிலைமை என்ன? கூடுவாஞ்சேரியில் மின்சார ரயிலை விட்டு இறங்கினால் திரும்பிய பக்கமெல்லாம் மனை விற்பனை போர்டு. ஏர் ஓடிய நிலத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். வீடே கட்டாதீர்கள் என்று சொல்ல நான் யார்? நாளைக்கு நம் பிழைப்பே அதுதான். அதனால்தான் சொல்கிறேன், இந்த ஊரில் மண்ணை மூடுவதா விடுவதா என்பது நம் பென்சிலில் இருக்கிறது.

மாடித் தோட்டம் வைக்கலாமே என்பீர்கள். அரசாங்கமே மானியத்தில் பையும் விதையும் கொடுத்திருக்கிறது, நல்ல காரியம். ஆனால் பையில் முருங்கை மரம் நிற்குமா? 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு ஆறடி மண் இருந்தால் கொஞ்சம் மழை அங்கேயும் இறங்கும், நாலு காயும் காய்க்கும்.

"படிச்ச பிள்ளை மண்ணைத் தொடலாமா?" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். மண்ணைச் சோதிப்பதற்கென்று நமக்கு ஒரு பாடமே இருக்கிறது. பரீட்சைக்குத் தொட்டால் கௌரவம், பாத்தி கட்டத் தொட்டால் கேவலமா? என்ன நியாயம் இது!

ஆகவே தோழர்களே, இரண்டு வேலை. சிவில் நண்பர்கள் இனி வரையும் ஒவ்வொரு பிளானிலும் பின்பக்கம் ஒரு கட்டம் போட்டு, ‘தோட்டம்’ என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்காரரே அடிக்கட்டும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கும் ஒருநாள் சொந்த வீடு வரும். அன்று இன்ஜினியரிடம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, இந்த விடுமுறையில் அம்மாவிடமோ ஆயாவிடமோ உட்கார்ந்து, சித்திரை முதல் பங்குனி வரை என்ன விதைப்பது, எப்படிச் சமைப்பது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்களுக்கு எழுத வராது. நம்மில் பலர் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

– இரண்டாமாண்டு மாணவன், சிவில் பிரிவு, கூடுவாஞ்சேரி