பூனைதானே!

தமிழில் கொடூரமான சொற்கள் பல உண்டு. அந்தப் பட்டியலில் சாதுவாகத் தோன்றும் ஒரு சொல்லையும் நான் சேர்ப்பேன். 'தானே' என்பது அது. வீட்டில் வளர்ந்த பூனை ஒரே ராத்திரியில் செத்துப்போய், வளர்த்தவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும்போது, அக்கம்பக்கத்தார் வந்து, "பூனைதானே! இதற்குப் போயா?" என்கிறார்களே, அந்தத் 'தானே'யைத்தான் சொல்லுகிறேன்.

ராயப்பன்பட்டியில் ஒரு பாட்டி. பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் அவளும் ஒரு சாம்பல் நிறப் பூனையும்தான். ஒரு நாள் காலையில் அது கொல்லையில் விறைத்துக் கிடந்தது. முதல் நாள் இரவு பால்சோறு தின்ற பூனை! பக்கத்து வீட்டுக்காரர் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து, "ஓடையிலே வீசிட்டு வந்துடறேன், ஆத்தா" என்றார். நல்ல மனிதர், உதவிதான் செய்ய வந்தார். பாட்டியோ, "அடுப்புப் புகை கண்ணைக் கரிக்குதப்பா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பு அன்று பற்றவைக்கப்படவே இல்லை. துக்கத்தையே ஒரு குற்றம்போல மறைக்கவேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்? நாம்தான் என்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கு மிருகங்களை மதிக்கத் தெரியாத சீமையா? இல்லவே இல்லை. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவில் உயிருள்ள மாடுகளையே தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டில் பேர் வாங்கிய காளைகளுக்கு இருக்கும் மரியாதை எத்தனை மனிதர்களுக்கு இருக்கிறது? தென் ஜில்லாக்களில் வாடிவாசல் காளை செத்தால், மாலை போட்டு, வேஷ்டி சாத்தி, கொட்டு முழக்கத்தோடு ஊரே கூடி அடக்கம் செய்கிறது. காளைக்காக 2017ல் மெரினாவில் லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள், சட்டமே திருத்தப்பட்டது. இதெல்லாம் எனக்குச் சம்மதமே. ஆனால் அந்தச் சாவு வீட்டில் போய், "மாடுதானே!" என்று ஒருவன் சொல்லிவிட்டு முழுசாக ஊர் திரும்புவானா?

காளைக்கு ஒரு நியாயம், பூனைக்கு ஒரு நியாயம் ஏன்? காளையின் பெருமை தெருவில் இருக்கிறது. ஆண்களின் மீசையோடு சேர்ந்தது. பூனையின் உறவு அடுப்படியில் இருக்கிறது. அதற்காக அழுகிறவர்கள் பெரும்பாலும் கிழவிகள், குழந்தைகள், தனியாக இருப்பவர்கள். நாம் பூனையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐயா. இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். சமூகம் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துயரத்துக்கு 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989ல் வந்த நூலில் பெயரே வைத்துவிட்டார்.

"பூனைக்கு நன்றி கிடையாது, வீட்டைத்தான் அதற்குத் தெரியும், ஆளைத் தெரியாது" என்பார்கள் சிலர். பூனை தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகிறது என்று 2019ல் ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கூப்பிட்டால் வராது என்பது வேறு விஷயம். அதற்கு நன்றிகெட்டதனம் என்று பெயரில்லை, சுயமரியாதை என்று பெயர். அப்படியே அதற்கு நன்றி இல்லாவிட்டால்தான் என்ன? மயில் நன்றி சொல்லும் என்று எதிர்பார்த்தா பேகன் போர்வையைக் கொடுத்தான்?

"மனிதர்களே சாகிறார்கள், பூனைக்கு அழுகையா?" என்பது இன்னொரு கேள்வி. கண்ணீர் என்ன ரேஷன் கடை மண்ணெண்ணெயா, இங்கே ஊற்றினால் அங்கே குறைவதற்கு? பூனைக்கு அழாத கண், மனிதனுக்கு அழுதுவிடும் என்பதற்கு யார் ஜாமீன்?

"வேறொரு குட்டி கொண்டு வந்தால் போகிறது" என்பது மூன்றாவது சமாதானம். உடைந்த பானைக்கு வேறு பானை வாங்கலாம். போன ஜீவனுக்கு மாற்று ஜீவன் ஏது? குட்டி வரட்டும், துக்கம் தணிந்த பிறகு, குட்டியாகவே வரட்டும்.

திடீர்ச் சாவில் அழுகையைவிடப் பெரிய வேதனை, "நான் என்ன பிழை செய்தேன்?" என்ற விசாரம். பூனைகளுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய் ஒன்று உண்டு. வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் இருந்து, ஒரு நாள் சடக்கென்று உயிரைக் கொண்டுபோய்விடும். வளர்த்தவர்மேல் அதில் ஒரு பழியும் இல்லை. தடுக்கக்கூடிய சாவுகளும் உண்டு. எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் அமிலத்தோடு சேர்ந்து நச்சுவாயுவாகிறது. அந்த மருந்தைத் தின்ற பூனையும் சாகலாம், மருந்து தின்ற எலியைத் தின்ற பூனையும் சாகலாம். நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். குட்டிகளை வாரிக்கொண்டு போகும் வாந்திபேதி நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆகவே, "பூனைதானே" என்று சொல்ல வருகிறவர், தம் தோட்டத்தில் எலி மருந்து எங்கே வைத்திருக்கிறோம் என்று ஒரு நடை பார்த்துவிட்டு வந்தால் புண்ணியமாகப் போகும்.

குழந்தையிடம் "பூனை ஓடிப்போய்விட்டது" என்று பொய் சொல்லாதீர்கள். அது தினம் வாசலில் நின்று காத்திருக்கும். பிறகு, தன்னைப் பிடிக்காமல்தான் பூனை ஓடிவிட்டது என்று நினைக்கும். செத்துவிட்டது என்று சொல்லுங்கள். தோட்டத்தில் ஆழமாகக் குழி வெட்டுங்கள். ஒரு கைப்பிடி மண்ணைக் குழந்தையே போடட்டும். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றிப் பழகிய ஊருக்கு, மண்மேட்டின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பதன் பொருளை நான் சொல்லித்தரவேண்டியதில்லை.

பூனை செத்த வீட்டுக்குப் போக நேர்ந்தால் தத்துவம் பேசாதீர்கள். சாக்கை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள். "அதுக்கு என்ன பேர் வைத்திருந்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வருவதற்குச் சற்று நேரமாகும். உட்கார்ந்திருங்கள்.