ஒட்டகத்தைக் கட்டுங்கள்

 

நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு, எங்கள் கூனிமேட்டில் ஒரு வீட்டு வாசலில் நின்ற காரின் பின்புற எண் பலகை களவு போயிற்று. வளைகுடாவில் பல்லாண்டு உழைத்த பணத்தில் 2015-இல் வாங்கிய வண்டி அது. "வண்டி இருக்கிறது, தகடுதானே போயிற்று!" என்று உரிமையாளர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கடைத்தெருவில் வேறொன்று எழுதி மாட்டிக்கொண்டார்.

ஒரு மாதம் கழிந்தது. அவர் போகாத ஊரில், அவர் ஓட்டாத வேகத்திற்கு அபராதச் செய்தி கைப்பேசியில் வந்தது. பின்னர் காவலர்கள் விசாரிக்க வந்தனர். வயது முதிர்ந்த தாயார் நடுங்கிப் போனார். "புகார் கொடுத்த ரசீது எங்கே?" என்ற கேள்விக்கு மகனிடம் விடையில்லை. உண்மையைச் சொல்லியும் பொய்யரைப் போல் தலைகுனிந்து நின்றார். பல நாள் அலைச்சலுக்குப் பின்னரே தெளிவு பிறந்தது.

திருடனுக்குத் தேவை தகடன்று, நம் பெயர். 2021 பிப்ரவரியில் மும்பையில் தொழிலதிபர் முகேஷ் அம்பானியின் இல்லத்தருகே வெடிபொருளுடன் ஒரு வாகனம் நிறுத்தப்பட்டிருந்தது. அதிலிருந்த பதிவெண்ணோ போலி. குற்றம் செய்பவன் பிறர் எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறான் என்பதற்கு இது போதிய சான்று.

இதற்காகவே 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமாயிற்று. அலுமினியத் தகட்டில் அசோகச் சக்கர முத்திரையும், லேசரால் பொறித்த தனி எண்ணும் இருக்கும். அதன் பூட்டை உடைத்தாலன்றிக் கழற்ற இயலாது. உடைத்த பூட்டு மறுபடி பயன்படாது.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் சாதாரணத் திருகாணிகளே. மரக்காணம் உப்பளக் காற்று இரும்பை விட்டுவைக்குமா? உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு விரைந்து பரவும். துருப்பிடித்த ஆணியுள்ள தகட்டை ஒரே இழுப்பில் பெயர்த்துவிடலாம். ஆகவே துருப்பிடிக்காத எஃகாலான, மாட்டலாம் ஆனால் எளிதில் கழற்ற முடியாத ஒருவழித் திருகாணிகளைப் பொருத்துங்கள். தகட்டுக்கும் ஆணிக்கும் இடையே ரப்பர் வளையம் இட்டால், உப்பீரத்தில் அலுமினியம் அரிக்கப்படுவது குறையும். மாதம் ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். இரவில் வெளிச்சமுள்ள இடத்தில், வண்டியின் பின்புறம் சுவரை ஒட்டி நிற்குமாறு நிறுத்துங்கள்.

அதையும் மீறிக் களவு போனால், அன்றே காவல் நிலையத்தில் புகார் அளித்து ரசீது பெறுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். புதிய பலகையை அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே பெறுங்கள். அந்த ரசீதுதான் நாளை நமக்காகப் பேசும் சாட்சி.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று வினவிய தோழருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். தவக்குல் என்பது கவனக்குறைவுக்கு இட்ட மறுபெயரன்று.

இளைஞர்களுக்கும் ஒரு சொல்: அபராதத்திற்கு அஞ்சித் தம் வண்டி எண்ணைத் தாமே மறைப்பதும் மடக்குவதும் ஏமாற்றே. பிறர் நம் எண்ணைத் திருடுவதைக் கண்டிக்கும் நாம், நம் எண்ணை நாமே ஒளிப்பது முறையா?

நம் பெயரையும் பொருளையும் பேணிக் காக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.