மரக்காலைத் திருப்பிக் காட்டு!

கள்ள மரக்காலால் கூலி நெல் அளந்த கொடுமையைப் பற்றித் தஞ்சைச் சீமை விவசாயத் தொழிலாளருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று மரக்கால் போய்விட்டது. கணக்கு கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. ஆனால் அளவைத் திருப்பிப் பார்க்கும் உரிமை நம் கைக்கு வந்ததா?

ராஜஸ்தானத்து உழைப்பாளிகள் இந்தக் கேள்வியை முன்பே கேட்டார்கள். 1990 மே தினத்தன்று அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் பிறந்தது. சர்க்கார் வேலையில் மண் வெட்டியவர்களுக்கு முழுக் கூலி கிடைக்கவில்லை. மஸ்டர் ரோலைக் காட்டு என்று கேட்டால், அது சர்க்கார் ரகசியம் என்று பதில் வந்தது. நாம் வெட்டிய மண்ணுக்கு நாமே வைத்த கைநாட்டு நமக்கே ரகசியமாம்! 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் பொது விசாரணை கூடியது. இப்படிப்பட்ட விசாரணைகளில் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். செத்தவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது; முடியாத வேலைக்கு முடிந்ததாகப் பணம் போயிருந்தது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. அந்தப் போராட்டங்களின் வழியாகத்தான் 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் நாட்டுக்கு வந்தது. (தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு சட்டம் வந்தது, அதில் விதிவிலக்குகளே மலிந்திருந்தன.)

பீரோவின் பூட்டு திறந்தது. உடனே புதுப் பூட்டு வந்தது!

நூறு நாள் வேலைக்கு 2021-ல் ஒரு கைபேசிச் செயலியைக் கொண்டுவந்து, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத காட்டில் படம் ஏறாவிட்டால், வெயிலில் வெந்தவளுக்கு அன்று ஆப்சென்ட்! திருட்டாவது நின்றதா? சம்பந்தமில்லாத படங்களையும், படத்தையே படமெடுத்தும் ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது.

செயலி என்பதும் ஒரு கணக்குப்பிள்ளைதான். எதைக் கூட்டு, எதைத் தள்ளு என்று அதற்கு எழுதிவைத்த உத்தரவுகளுக்கு மூல நிரல் என்று பெயர். ஆலையில் மிஷின் கோளாறென்றால் மூடியைக் கழற்றிப் பார்க்கிறோம். கூலியை விழுங்கும் இந்த மிஷினின் மூடியை மட்டும் ஏன் கழற்றக் கூடாது? நமக்கு நிரல் படிக்கத் தெரியாது என்பார்கள். தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். சர்க்கார் செயலிகளின் மூல நிரலைத் திறந்துவிடுவதென்று 2015-ல் கொள்கை அறிவித்தது இதே மத்திய சர்க்கார்தான். 2020 மே மாதத்தில் ஆரோக்கிய சேது செயலியின் கைபேசி நிரலை வெளியிட்டதும் அதுவே. நோய்க்கு முடிந்தது கூலிக்கு முடியாதா?

இதற்கிடையில், 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தியது. தனிநபர் தகவலானாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. 8(2) பிரிவு இருக்கிறதே என்று ஆளுவோர் சமாதானம் சொல்கிறார்கள். ஒரு பெயரை மறைக்க ஒரு வரி போதும். அதை வெளியே கொண்டுவர ஏழை எத்தனை அப்பீல் போடுவான்? பாங்க் நம்பரையும் ஆதார் நம்பரையும் மறைக்கட்டும், மறைக்கத்தான் வேண்டும். ஆனால் யார், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பதை மறைத்தால் பொது விசாரணையில் எதைப் படிப்பது?

மே முதல் நாள் கிராம சபை கூடும். பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். செயலியின் மூல நிரலை வெளியிட வேண்டுமென்று ஒரு தீர்மானம் எழுதி, அதையும் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.